அத்திலாந்திக் நீரோட்டம் நின்றால் வெள்ளவத்தையில் வீடு வாங்கலாமா?

#1 அலைவாய் (சனி, இரவு 9.12)

வணக்கம். இது பாதி குடும்பக் கதை, பாதி கடல் கதை. எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்.

என் அக்கா நோர்வேயில், பேர்கனில் குடும்பத்தோடு இருக்கிறார். அத்திலாந்திக்கில் வெப்பத்தை வடக்கே கொண்டுவரும் நீரோட்டம் தளர்கிறது, ஒருநாள் நின்றும் போகலாம், நின்றால் நோர்வே உறைந்துவிடும் என்று அங்கே செய்தியில் அடிக்கடி வருகிறதாம். அக்கா பயந்துபோயிருக்கிறார். "கொழும்பில் ஒரு வீட்டை வாங்கி வையுங்கள், பிள்ளைகளோடு வந்து இருக்க எங்களுக்கும் ஒரு இடம் வேண்டும்" என்று காசு அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார்.

அப்பா, அம்மா, நான் மூவரும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். மரீன் டிரைவ் பக்கம் நாலாம் மாடியில் ஒரு பிளாட் விலைக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்த்தோம். பல்கனியில் நின்றால் கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கருங்கல் அடுக்கு, அப்புறம் கடல்தான். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அம்மா உள்ளே போய் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். துரு பொடியாக விரலில் ஒட்டியது. ஒன்றும் சொல்லவில்லை. அம்மா 2004 மார்கழியில் சுனாமி வந்தபோது பருத்தித்துறையில் இருந்தவர்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த நீரோட்டம் உண்மையிலேயே நிற்குமா? நின்றால் கொழும்புக்கு என்ன? இந்த வீட்டை வாங்கலாமா?

#2 ஆழிநீர் (சனி, இரவு 10.05)

கடலியல் படிக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வளைகுடா நீரோட்டம் வேறு, உங்கள் அக்கா பயப்படுகிற சுழற்சி வேறு. வளைகுடா நீரோட்டத்தைப் பெரும்பாலும் காற்றுத்தான் தள்ளுகிறது. பூமி சுற்றும்வரை, காற்று வீசும்வரை அது இருக்கும். மற்றது செங்குத்தாக ஓடுகிற சுழற்சி. வெப்பமும் உப்பும் கூடிய மேற்பரப்பு நீர் வடக்கே போய், கிறீன்லாந்துப் பக்கம் குளிர்ந்து கனத்து ஆழத்துக்கு இறங்கி, அடியால் தெற்கே திரும்புகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் கனமீற்றர் நீர். கிட்டத்தட்ட 80 அமேசான் ஆறுகள் சேர்ந்து ஓடுகிற அளவு.

நீர் கனத்தால்தான் இறங்கும். கனப்பதற்குக் குளிரும் வேண்டும், உப்பும் வேண்டும். கிறீன்லாந்துப் பனி உருகி நன்னீர் கலந்தால் உப்பு குறைகிறது, நீர் இலேசாகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. சங்கதி இவ்வளவுதான். 2004 முதல் 26.5 பாகை வடக்கில் கருவிகளை இறக்கித் தொடர்ச்சியாக அளந்துவருகிறார்கள்.

நிற்குமா என்ற கேள்விக்கு: ஐநாவின் காலநிலைக் குழு 2021 அறிக்கையில், இந்த நூற்றாண்டில் அது தளர்வது மிகவும் சாத்தியம், 2100க்கு முன் திடீரென்று விழாது என்பதில் நடுத்தர நம்பிக்கைதான் என்று எழுதியது. 2023இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விழலாம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கைப் பல விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. ஆனாலும் 2024 ஒக்டோபரில் 44 விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்த ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று நோர்டிக் நாடுகளின் அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆகவே உங்கள் அக்காவின் பயத்தை வெறும் பயம் என்று தள்ள மாட்டேன்.

#3 வடமுனை (ஞாயிறு, காலை 6.30)

தங்கச்சி, எண்பதுகளின் கடைசியில் நான் நோர்வேயின் வட முனையில், ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். அந்த நீரோட்டத்தால் சாப்பிட்டவன் என்று என்னைச் சொல்லலாம்.

அந்த ஊர் 70 பாகை வடக்கு. மார்கழி மாதம் முழுக்கச் சூரியனே வராது. ஜக்கெட்டுக்கு மேல் ஜக்கெட் போட்டு வேலைக்கு நடப்போம். ஆனால் துறைமுகத்துத் தண்ணீர் உறையாது. படகு வரும், கொட் மீன் வரும், நாங்கள் வெட்டிப் பெட்டியில் அடுக்குவோம். அதே அகலாங்கில் வேறு இடங்களில் கடல் மாதக்கணக்கில் பனிக்கட்டியாகக் கிடக்கும் என்று அங்கே ஒரு முதியவர் வரைபடத்தைக் காட்டிச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. தெற்கிலிருந்து வருகிற சூடான நீர் இல்லையென்றால் அந்தத் துறைமுகம் இல்லை, தொழிற்சாலை இல்லை, அங்கே ஒரு யாழ்ப்பாணத்துப் பையனுக்கு வேலையும் இல்லை. எங்கள் ஆட்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் கரைகளில் போய் இருந்ததற்குப் போர் ஒரு காரணம். போய் இருக்க அங்கே ஒரு ஊர் இருந்ததற்கு அந்த நீரோட்டம் காரணம்.

#4 அலைவாய் (ஞாயிறு, காலை 8.47)

அண்ணை, இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசவே இல்லை. நன்றி.

சரி, கொழும்புக்கு வருவோம். அத்திலாந்திக்கில் நடப்பது நமக்கு எட்டுமா?

#5 ஆழிநீர் (ஞாயிறு, காலை 9.30)

எட்டும், ஆனால் கடல் வழியாக அல்ல, மழை வழியாக. அந்தச் சுழற்சி தளர்ந்தால் வடக்கு அரைக்கோளம் ஒப்பளவில் குளிரும், வெப்பமண்டல மழைப் பட்டை தெற்கே நகரும், ஆசியப் பருவமழை நலியும் என்று பெரும்பாலான கணினி மாதிரிகள் காட்டுகின்றன. கணினியை நம்பாதவர்களுக்குப் பழைய சாட்சியும் உண்டு. பனியுகத்தில் அந்தச் சுழற்சி தளர்ந்த காலங்களில் இந்தப் பக்கத்துப் பருவமழையும் நலிந்ததைச் சீனக் குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளும் அரபிக் கடலின் அடிச்சேறும் பதிந்து வைத்திருக்கின்றன.

ஆனால் நம் வீட்டு வாசலில் ஓடும் நீரோட்டத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. உலகத்தில் பெரிய நீரோட்டங்கள் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடும். நம் தீவுக்குத் தெற்கே ஓடுவது வருடத்தில் இரண்டு தடவை திசை மாறும். தென்மேல் பருவப்பெயர்ச்சி காலத்தில் கிழக்கே ஓடி அரபிக் கடலின் உப்பு நீரை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும். வடகீழ் காலத்தில் மேற்கே திரும்பி, கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் இலேசாக்கிய நீரைக் கொண்டுவரும். அந்த இலேசான நீர் மேலே ஒரு மூடி மாதிரி நிற்பதால் விரிகுடாவின் மேற்பரப்பு சீக்கிரம் சூடாகிறது, சூறாவளிக்குத் தீனி கிடைக்கிறது.

இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் ஒன்றையொன்று தராசு மாதிரி தூக்கி இறக்குவதை 1999இல் கண்டுபிடித்து எழுதினார்கள். 2019இல் மேற்குத் தட்டு மிகவும் சூடானபோது கிழக்கு ஆபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் காட்டுத்தீ. கடல் சூடாகச் சூடாக இந்தத் தராசு இன்னும் வேகமாக ஆடும் என்பதே ஆய்வுகளின் எச்சரிக்கை.

#6 முகத்துவாரம் (ஞாயிறு, மதியம் 1.15)

தம்பி ஆழிநீர் சொன்ன திசை மாற்றத்தை எங்கள் தாத்தா ஒரு புத்தகமும் படிக்காமல் சொல்வார். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர். காற்று மாறினால் நீர் மாறும், நீர் மாறினால் மீன் மாறும், மீன் மாறினால் ஆள் மாறும்.

ஆள் மாறும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. இந்தக் கரையில் மே மாதம் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் குடும்பங்கள் வலை, பாத்திரம், பாய், பிள்ளை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகும். முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைப் பக்கம் கரையில் ஓலையால் வாடி, அதாவது தற்காலிகக் குடில் போடும். புரட்டாசி முடிய மேற்கே திரும்பும். தாத்தாவின் வாடியைப் பிரித்தால் நாலு கம்பும் ஒரு கட்டுக் கிடுகும்தான். அதை லொறியில் ஏற்ற அரை மணித்தியாலம் போதும். கடல் சொல்கிறபடி இடம் மாறுவது எங்களுக்குப் புதிது அல்ல.

புதிது என்னவென்றால், இப்போது போகிற இடத்தில் கரை இல்லை. போரால் இடம்பெயர்ந்த முல்லைத்தீவுச் சனம் திரும்பி வந்து தங்கள் கரைவலைப் பாட்டைத் தாங்களே இழுக்க வேண்டும் என்கிறது. அவர்கள் கேட்பது நியாயம். எங்களுக்கும் வயிறு இருக்கிறது. இரண்டு நியாயமும் ஒரே மணலில் நிற்கின்றன. நாளைக்குக் கடல் இன்னும் ஆட்களை நகர்த்தினால் இந்தச் சச்சரவு ஒவ்வொரு கரையிலும் வரும்.

#7 வெல்லம்பிட்டியான் (ஞாயிறு, மாலை 5.50)

கடற்கரைக்காரர்கள் கடலைப் பற்றிக் கதைக்கிறீர்கள். கொழும்பில் தண்ணீர் முதலில் வருவது பின்பக்கத்தால். களனி கங்கையால்.

2016 மே மாதம் எங்கள் வீட்டில் தண்ணீர் வந்த உயரம் இன்னும் சுவரில் இருக்கிறது. மூன்று தடவை பெயின்ற் அடித்தும் அந்தக் கோடு மங்கலாக மேலே வருகிறது. என் நெஞ்சுக்கு நேராக. அன்று உம்மாவைப் படகில் ஏற்றிவிட்டு, பள்ளிவாசல் மாடியில் நாலு நாள் இருந்தோம். திரும்பி வந்தபோது அலுமாரி உப்பிப் பிளந்து கிடந்தது, உள்ளே காணி உறுதி கூழாகிவிட்டது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு அதே ஆறு திரும்ப ஏறியது. இந்தத் தடவை உறுதியின் பிரதி பொலித்தீனில் சுற்றி மச்சானின் வீட்டில் இருந்தது. களனியின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவை வானொலியில் சொன்னால் எங்கள் பகுதியில் பிள்ளைகூட வாயை மூடிக் கேட்கும்.

ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: தெமட்டகொடையில் கடை, பக்கத்தில் பள்ளிக்கூடம், உம்மாவின் கிளினிக். வெள்ளம் வருகிற வீட்டை நல்ல விலைக்கு யார் வாங்குவார்கள்? விற்கிற காசுக்கு மேட்டில் ஒரு அறைகூட வராது. இடம்பெயர்வு என்று சொன்னால் கிளம்பிப் போகிறவர்களைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். போக முடியாமல் இருக்கிறவர்கள்தான் அதிகம்.

#8 கோபுரம்12 (ஞாயிறு, இரவு 8.20)

இவ்வளவு பயப்பட வேண்டுமா? கடலை நிரப்பிப் போர்ட் சிட்டி 269 ஹெக்டயர் கட்டிவிட்டார்கள். ஒல்லாந்தர் கடலுக்குக் கீழே நாடு நடத்துகிறார்கள். நாமும் உயர்த்திக் கட்டலாம்.

#9 ஆழிநீர் (ஞாயிறு, இரவு 9.02)

கோபுரம், உயர்த்திக் கட்டலாம், ஆனால் உயர்த்திய இடத்துத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். இந்த நகரத்தில் மழையைத் தாங்கிப் பிடித்தவை கொலன்னாவை, பெத்தகான, பெல்லன்வில சதுப்புகளும் வடக்கே முத்துராஜவெலையும். 2018இல் கொழும்பை, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதைப் படித்து நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். அதே நேரம் லொறி லொறியாக மண் கொட்டிச் சதுப்பை நிரப்பி வீடு கட்டுவது நிற்கவில்லை. ஒவ்வொரு லொறி மண்ணும் வெல்லம்பிட்டியான் வீட்டுச் சுவரில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் உயர்த்துகிறது.

கரையும் அப்படித்தான். கல்கிசை, மொறட்டுவைப் பக்கம் மணல் கரைவதற்குக் கடல்மட்டம் மட்டும் காரணம் இல்லை. கரைக்கு மணலைக் கொண்டுவருவது ஆறு. ஆற்று மணலைக் கட்டடத்துக்கு அள்ளிவிட்டோம், கடல் தனக்கு வர வேண்டியதைக் கரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2100க்குள் வெளியேற்றத்தைப் பொறுத்து இன்னும் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் வரை. நாலாம் மாடிக்கு அது எட்டாது. ஆனால் சோளகம் வீசும் தென்மேல் பருவ மாதங்களில் ரயில் பாதைக் கல்லில் அடிக்கிற அலை அந்த உயரத்தின் மேல் ஏறி நின்று அடிக்கும்.

#10 நெடுந்தீவாள் (திங்கள், காலை 7.10)

எல்லோரும் தண்ணீரின் உயரத்தைப் பேசுகிறீர்கள். நான் உப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நெடுந்தீவில் மழைத்தண்ணீர் நிலத்துக்குக் கீழே உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி போச்சு. மழை பிந்தினாலும் இதுதான், கடல் ஏறினாலும் இதுதான், மோட்டர் வைத்து இறைத்தாலும் இதுதான்.

எங்கள் வளவுக் கிணற்றில் அம்மம்மா வாளியை ஆழமாக விட மாட்டார். கயிற்றைச் சரித்துப் பிடித்து, மேல்தண்ணீரை மட்டும் பதமாக அள்ளுவார். கலக்கினால் உப்பு மேலே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் தேநீரைக் குடித்ததும் நாக்கின் ஓரத்தில் தெரியும். பிறகு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் குடம் வைத்து வரிசை. ஒரு வீடு போகும், பிறகு இன்னொன்று. யாரும் "காலநிலையால் போகிறோம்" என்று சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கு என்றார்கள், மருந்துக்கு என்றார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் குறிகட்டுவானுக்குப் படகு ஏறினார்கள். நானும் அப்படித்தான் தெஹிவளைக்கு வந்தேன்.

2018இல் உலக வங்கி ஒரு அறிக்கையில், வெப்பமும் மழை மாற்றமும் இலங்கையில் வாழ்க்கைத் தரத்தை அதிகம் பாதிக்கக்கூடிய இடங்களாக வடக்கு, வடமேல் மாகாணங்களைக் காட்டியது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், அது பெரிய ஆறுதல். ஆனாலும் வடக்கிலிருந்து கொழும்புக்கு வரும் சனம் கூடும் என்றே நினைக்கிறேன். அலைவாய், உங்கள் அக்காவுக்கு முன்னால் வேறு பலர் வரிசையில் நிற்கிறார்கள்.

#11 ஆழிநீர் (திங்கள், காலை 7.55)

நெடுந்தீவாள் சொன்னது கொழும்புக்கும் பொருந்தும். நகரத்துக் குழாய்நீரில் பெரும் பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. மணல் அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டதால், வறட்சியில் ஆற்று ஓட்டம் குறைந்தால் கடல்நீர் அடியால் அந்த இடம் வரை ஏறிவரும். மணல் மூட்டை அடுக்கித் தடுத்த வருடங்கள் உண்டு. நாலாம் மாடிக்கு வெள்ளம் வராது, ஆனால் இந்த உப்பு குழாய் வழியாக வரும்.

#12 லயத்துப்பிள்ளை (திங்கள், இரவு 9.40)

இந்த இழையில் "மேட்டுக்குப் போகலாம்" என்று யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை, நல்லது. நான் மேட்டிலிருந்து வந்தவள். பதுளை மாவட்டம். இப்போது மட்டக்குளியில் தையல் வேலை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் இறங்கியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போகச் சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. லயத்தில் இருக்கிறவனுக்கு நிலம் சொந்தம் இல்லை, வீடு சொந்தம் இல்லை, உறுதி என்ற காகிதமே கிடையாது. வெல்லம்பிட்டி அண்ணனின் உறுதி கூழாகியது என்று வாசித்தபோது மனம் கனத்தது. எங்களிடம் கூழாக ஒன்றும் இல்லை.

டித்வாவில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும் பகுதி மலைநாட்டு மண்சரிவில். விரிகுடாவில் சூடான கடல் எங்களுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் அது தூக்கின தண்ணீர் எங்கள் மலையில்தான் கொட்டியது. அன்று இரவு தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, அவள் பேசியது கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம் என்று சொன்னாள். இன்னும் பழைய லயத்துக்குப் போகப் பயம், வேறு இடமும் தரவில்லை.

#13 முகத்துவாரம் (திங்கள், இரவு 10.15)

பிள்ளை, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சுனாமிக்குப் பிறகு 2005இல் கரையிலிருந்து மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே வீடு கொடுத்த இடத்தில் பல பேருக்குப் படகு கண்ணுக்குத் தெரியாத தூரம். பகலில் திரும்பக் கரைக்கு வந்து கொட்டில் போட்டார்கள். பிறகு அந்தச் சட்டத்தையே தளர்த்தினார்கள். இடம் கொடுத்தால் தொழிலும் சேர்ந்து போகிற மாதிரிக் கொடுக்க வேண்டும். உங்கள் தங்கச்சிக்கும் அதுதான்.

#14 வடமுனை (செவ்வாய், காலை 6.15)

என் பக்கத்து வீட்டில் மாலைதீவுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மருத்துவத்துக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் போட்டு, அப்படியே தங்கிவிட்டார்கள். அவர்களின் நாட்டில் நிலத்தின் 80 சதவீதத்துக்கு மேல் கடலிலிருந்து 1 மீற்றர் உயரம்கூட இல்லை. அந்த அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், ஊர் கடலுக்குள் போனால் என்ன செய்வீர்கள் என்று. போன பிறகு உங்களிடம்தானே வர வேண்டும் என்றார். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கடலால் வீடு இழந்தவர் என்ற வகையே இல்லை. வருகிறவர்களை எந்தப் பெயரில் ஏற்பது என்று நம் நாடும் இன்னும் யோசிக்கவில்லை.

#15 அலைவாய் (வியாழன், இரவு 8.30)

மூன்று நாளாக இந்த இழையை வீட்டில் சத்தமாக வாசித்தோம். மரீன் டிரைவ் பிளாட்டை விட்டுவிட்டோம். அப்பாவுக்குக் கவலைதான். அக்காவிடம் சொன்னேன், உங்கள் குளிர் எப்போது வரும் என்று யாருக்கும் திடமாகத் தெரியாது, எங்கள் தண்ணீர் ஒவ்வொரு வருடமும் வருகிறது என்று. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "அந்த வீட்டில் கிணறு இருக்கிறதா?"

காலி வீதிக்கு உள்பக்கம், களுபோவிலையில் ஒரு சின்னத் தனிவீடு பார்த்திருக்கிறோம். கிணறு உண்டு. என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?

#16 வெல்லம்பிட்டியான் (வியாழன், இரவு 9.05)

தரகரிடம் கேட்காதீர்கள். ஒழுங்கையின் முனையில் சில்லறைக் கடை இருந்தால் அவரிடம் கேளுங்கள், 2010 நவம்பரிலும் 2016இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று. வீட்டுக்குள் அலுமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள், முன்சுவரை மட்டும்தான் பெயின்ற் அடித்திருப்பார்கள். பிளக் பொயின்ற்கள் இடுப்புக்கு மேலே ஏற்றிப் பொருத்தியிருந்தால் விளங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெற்றுக்காணி இருந்தால் அது சதுப்பா, நிரப்பியதா என்று கிராம சேவகருக்குத் தெரியும்.

#17 நெடுந்தீவாள் (வியாழன், இரவு 9.20)

கிணற்றுத் தண்ணீரை மேலேயும் அள்ளுங்கள், அடியிலும் அள்ளுங்கள். இரண்டையும் வாயில் விட்டுப் பாருங்கள்.

#18 அலைவாய் (சனி, மாலை 6.40)

நாளை காலை 10 மணிக்குப் போகிறோம். மழை இருக்கும் என்று வானிலை சொல்கிறது. வீட்டுக்காரர் மழை விட்ட பிறகு வரச் சொன்னார். அம்மா பெய்கிற நேரத்திலேயே போவோம் என்று குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.